தின்னாத மருந்து எப்படிக் கேக்காம போச்சு?

போன மாசம் ஒரு அம்மா லேப் ஜன்னல் முன்னால ரிப்போர்ட்ட விரிச்சு வச்சுக்கிட்டு நின்னாங்க. தக்கலை பக்கத்து ஊரு, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், நீர்க்கடுப்பு விட்டு விட்டு வருதுன்னு யூரின் கல்ச்சருக்கு, அதாவது மூத்திரத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்டுக்குக் குடுத்திருந்தாங்க. ரிப்போர்ட்ல பதினாறு மருந்து பேரு, அதுல பதினொண்ணுக்கு நேரா ஆர்னு போட்டிருந்தது. ஆர்னா ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காது. எஸ்னா கேக்கும். "மக்களே, எனக்கு மாத்திரைன்னாலே ஆவாது. காச்சல் வந்தாக்கூட சுக்கும் நல்லமிளவும் இடிச்சுப் போட்டு காப்பி குடிச்சிட்டு மூடிப் பொதச்சு கெடப்பேன். நான் வாயிலயே வைக்காத மருந்து எனக்கு எப்பிடி கேக்காம போச்சு?"

பின்னால நாலு பேரு பாட்டில வச்சுக்கிட்டு நிக்காங்க. "டாக்டர்ட்ட காட்டுங்கம்மா, அவரு சொல்லுவாரு"ன்னு அனுப்பி வச்சிட்டேன். ஆனா பதிமூணு வருஷமா லேப்ல கிருமி வளக்குற பிளேட்டு பாத்துட்டு இருக்கேன், இந்தக் கேள்விய இவ்வளவு நேரா யாரும் கேட்டதில்ல. முழுசா பதில் சொல்லணும்னா கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

மொதல்ல அந்தப் பிளேட்டுல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடுறேன். மூத்திரத்த மெக்காங்கின்னு கிருமிக்குத் தீனி போட்ட பிளேட்டுல இழுத்து வச்சா மறுநாள் ரோஸ் கலர்ல புள்ளி புள்ளியா வளந்திருந்துச்சு, பாத்த உடனே ஈகோலைன்னு சந்தேகம், நம்ம வயித்துல சாதாரணமா இருக்குற கிருமி அது, டெஸ்ட் பண்ணினா அதேதான். அதுல ரெண்டு மூணு புள்ளிய எடுத்து உப்புத்தண்ணில கலக்கி, பஞ்சுக் குச்சில நனச்சு, புதுப் பிளேட்டு முழுக்க பூசி, மேல மருந்து டிஸ்க் வைப்போம். டிஸ்க்குன்னா 6 மி.மீ. அகலத்துல சின்ன வெள்ளைப் பேப்பர் வட்டம், நெத்திப் பொட்டு மாதிரி, ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து ஊறியிருக்கும். ராத்திரி பூரா இன்குபேட்டர்ல இருந்துட்டு காலைல எடுத்தா, கேக்குற மருந்தச் சுத்தி கிருமி வளராம தெளிவா ஒரு வட்டம் விழுந்திருக்கும், அத ஸ்கேல் வச்சு அளப்போம். கேக்காத மருந்துன்னா டிஸ்க் ஓரம் வரைக்கும் கிருமி பாசி மாதிரி படந்து கெடக்கும். இந்தம்மா பிளேட்டுல செஃபோடாக்ஸிம் டிஸ்க்கோட ஓரத்தயே கிருமி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அதே செஃபோடாக்ஸிம் கூட கிளாவுலனிக் ஆசிட் சேத்து வச்ச டிஸ்க்கச் சுத்தி மட்டும் நல்ல பெரிய வட்டம். இப்படி வந்தா அந்தக் கிருமி ஈஎஸ்பிஎல்னு ஒரு என்ஸைம் செய்யுதுன்னு அர்த்தம், பெனிசிலின் சாதி மருந்து, செஃப்னு தொடங்குற மருந்து இதுகள வெட்டிப் போடுற கத்தரி அது. கிளாவுலனிக் ஆசிட் அந்தக் கத்தரிய அடச்சு வச்சிரும், அதான் வட்டம் பெருசாகுது.

இப்பம் விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊருல எல்லாரும் சொல்றது, "மருந்து தின்னு தின்னு உடம்பு பழகிப் போச்சு, அதான் கேக்கல." படிச்சவங்களும் இதையேதான் சொல்றாங்க. உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, மாறுறது கிருமி. அந்தம்மா உடம்பு எந்த மருந்துக்கும் பழகல, அவங்களுக்குள்ள வந்து உக்காந்த கிருமி வரும்போதே கையில கத்தரியோட வந்திருக்கு. அந்தக் கத்தரி அதுக்கு எங்க கெடச்சுதுங்கிறதுதான் கதை.

கிருமி மாறுறதுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு தானா மாறுறது. ஈகோலைக்கு தீனியும் சூடும் சரியா இருந்தா இருபது நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டாகும், பத்து மணி நேரத்துல முப்பது தடவ ரெண்டாகும், ஒண்ணு நூறு கோடிக்கு மேல ஆயிரும். நாற்பத்தாறு லட்சம் எழுத்து உள்ள டிஎன்ஏவ ஒவ்வொரு தடவயும் காப்பி எடுக்கணும்ல, எங்கயாவது ஒரு எழுத்து பிசகும், அதுல ஏதோ ஒரு பிசகு மருந்த ஏமாத்துற பிசகா அமஞ்சிரும். இது மருந்தப் பாத்து பயந்து கிருமி செய்ற வேலை இல்ல, மருந்து வர்றதுக்கு முன்னயே நடந்து கெடக்குறது. 1943ல லூரியா, டெல்ப்ரூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க இத கணக்குப் போட்டு காட்டினாங்க, 1952ல ஜோஷ்வா லெடர்பெர்க்கும் அவரு வீட்டுக்காரி எஸ்தரும் சேந்து கண்ணால பாக்குற மாதிரி செஞ்சே காட்டிட்டாங்க. வெல்வெட் துணிய ரப்பர் ஸ்டாம்பு மாதிரி பிளேட்டுல ஒத்தி எடுத்து, அத மருந்து போட்ட பல பிளேட்டுல ஒத்தினாங்க, எல்லாப் பிளேட்டுலயும் அதே எடத்துல கிருமி பிழச்சு வந்துச்சு. அப்ப மருந்தப் பாக்காத மூலப் பிளேட்டுலயே அந்தப் பிசகு இருந்திருக்குன்னுதான அர்த்தம். அவ்வளவு எளிமையான ஐடியா, ஒரு துண்டு வெல்வெட்டு. 1958ல நோபல் குடுத்தப்ப ரெண்டு பேர்ல அவருக்கு மட்டும் குடுத்தாங்க, எஸ்தருக்கு இல்ல, அது வேற வயித்தெரிச்சல்.

டிபி கிருமிக்கு இந்த ஒரு வழிதான். ஆசாரிப்பள்ளத்துல இப்பம் மெடிக்கல் காலேஜ் இருக்குற எடம் முன்ன டிபி ஆஸ்பத்திரி, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிபிக்கு ஒரே நேரத்துல மூணு நாலு மருந்து சேத்துக் குடுக்குறது எதுக்குன்னா, ஒரு மருந்த ஏமாத்துற பிசகு கோடில ஒண்ணுக்கு வரும்னு வச்சுக்குவோம், ரெண்டு மருந்தயும் சேத்து ஏமாத்துற பிசகு ஒரே கிருமிக்கு வரணும்னா கோடியக் கோடியால பெருக்கி அதுல ஒண்ணு, அவ்வளவு கிருமி ஒரு ஆளுக்குள்ள இருக்காது. டிபியில இந்தக் கணக்கு நிக்கும்.

ஈகோலைல நிக்காது. பதினொரு மருந்துக்கும் தனித்தனியா பிசகு வந்து ஒரே கிருமில சேரணும்னா உலகம் அழியிற வரைக்கும் காத்திருக்கணும், ஆனா எங்க லேப்ல வாரத்துக்கு ரெண்டு மூணு இப்படி வருது. அப்ப இது தானா கத்துக்கிட்டது இல்ல, வாங்கினது.

எங்க ஊருல புளிமுளம்னு ஒரு மீன் கொழம்பு, அத வைக்கிற பக்குவம் வீட்டுக்கு வீடு வேற. அம்மா செய்றதப் பாத்து மகளுக்கு வரும், மகளப் பாத்து பேத்திக்கு வரும், அது ஒரு வழி. இன்னொரு வழி, மதில்ல கைய ஊணி நின்னுக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரிட்ட "நேத்து நெத்திலிக்கு என்ன சேத்தே, வாசம் இங்க வரைக்கும் வந்துச்சே"ன்னு கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிக்கிறது. ரெண்டு வீட்டுக்கும் கொள்வினை குடுப்பினை கெடையாது, சாதி வேற, கோயில் வேற, ஆனா சீட்டு மட்டும் மதில் தாண்டிரும். குடுத்தவகிட்டயும் பக்குவம் இருக்கும், வாங்கினவகிட்டயும் இருக்கும், நாளைக்கு இவ அடுத்த மதில்ல எழுதிக் குடுப்பா.

கிருமிக்குள்ள ரெண்டும் இருக்கு. குரோமோசோம்ங்கிறது குடும்பப் பெரிய நோட்டு, அது அம்மாட்ட இருந்து மகளுக்குத்தான் போகும். அது போக தனியா வளையம் வளையமா குட்டி டிஎன்ஏ மெதக்கும், பேரு பிளாஸ்மிட். அதுதான் துண்டுச் சீட்டு. சில ஆயிரம் எழுத்துல இருந்து ரெண்டு மூணு லட்சம் எழுத்து வரைக்கும் இருக்கும். பிளாஸ்மிட் வச்சிருக்கிற கிருமி மெல்லிசா ஒரு நூல நீட்டி பக்கத்துல இருக்குற கிருமிய ஒட்ட இழுக்கும், ரெண்டும் சேந்த எடத்துல வழி தொறக்கும், வளையத்துல ரெண்டு இழை இருக்குல்ல, அதுல ஒண்ணு மட்டும் அவிழ்ந்து அந்தப் பக்கம் ஓடும், ரெண்டு பக்கமும் அவங்கவங்க விட்டுப் போன இழைய எழுதி நிரப்பிக்குவாங்க. சில நிமிஷ வேலை. முடிஞ்சா ரெண்டு பேர்கிட்டயும் முழு வளையம், அந்த நூல் நீட்டுற வித்தையும் அதே வளையத்துலதான் எழுதியிருக்குங்கிறதால வாங்கினவனும் உடனே குடுக்குறவன் ஆயிருவான். இதுக்கு கான்ஜுகேஷன்னு பேரு. பாக்டீரியாவுக்கு ஆண் பெண் கெடையாது, சும்மா ரெண்டாப் பிரியிற சாதின்னு நெனச்சுட்டு இருந்த காலத்துல, 1946ல, மேல சொன்ன லெடர்பெர்க்கு 21 வயசுல டேட்டம்கூட சேந்து ஈகோலை டிஎன்ஏவ மாத்திக்குதுன்னு கண்டுபிடிச்சார். அப்ப அது வெறும் ஆராய்ச்சி சமாச்சாரம், நோயாளிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கும் தோணல.

சம்பந்தம் ஜப்பான்ல தெரிஞ்சுது. உலகப்போர் முடிஞ்சப்புறம் அங்க ஷிகெல்லாங்கிற கிருமியால வர்ற சீதபேதி ஜாஸ்தி, சல்ஃபா மருந்து குடுத்தாங்க, கொஞ்ச வருஷத்துல கேக்காம போச்சு, அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோராம்பெனிகால்னு மாத்தினாங்க. 1950கள் நடுவுல பாத்தா நாலுக்குமே சேத்துக் கேக்காத ஷிகெல்லா வந்து நிக்குது. அதவிட விசித்திரம், ஒரே ஆளோட பேதில கேக்குற ஷிகெல்லாவும் இருக்கு, நாலுக்கும் கேக்காத ஷிகெல்லாவும் இருக்கு, ஒரு மருந்து மட்டும் குடுத்த ஆளுக்கும் நாலு மருந்துக்கும் சேத்து கேக்காம போகுது. இன்னும் கொஞ்சம் தோண்டினா, அந்த ஆளுக வயித்துல சும்மா கெடக்குற ஈகோலையும் அதே நாலு மருந்துக்குக் கேக்கல. 1959ல ஒச்சியாய், அகிபா ரெண்டு பேரோட குழுவும் தனித்தனியா கேக்காத ஈகோலையும் கேக்குற ஷிகெல்லாவும் ஒரே குழாய்ல சேத்து வளத்தாங்க. ஷிகெல்லாவுக்கும் நாலும் போயிருச்சு. நாலும் ஒண்ணா. ஒரே சீட்டுல நாலு பக்குவமும் எழுதியிருந்திருக்கு. வத்தனாபேன்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி 1963ல இத இங்கிலீஷ்ல விரிவா எழுதுற வரைக்கும் மேல்நாட்டுல பெருசா யாரும் கண்டுக்கல. தின்னாத மருந்து எப்படிக் கேக்காம போச்சுன்னு நம்ம தக்கலை அம்மா கேட்ட கேள்வியத்தான் அந்த ஜப்பான்காரங்க அன்னைக்கே கேட்டிருக்காங்க.

சீட்டு கை மாறுறதுக்கு ஆளு உயிரோட இருக்கணும்னுகூட இல்ல. 1928ல லண்டன்ல கிரிஃபித்னு ஒருத்தர் நிமோனியா கிருமில ரெண்டு வகை வச்சிருந்தார், ஒண்ணு எலியக் கொல்லும், இன்னொண்ணு கொல்லாது. கொல்றத சூடாக்கி சாவடிச்சு எலிக்கு ஊசி போட்டா எலிக்கு ஒண்ணும் ஆகல. கொல்லாதத உயிரோட போட்டாலும் ஒண்ணும் ஆகல. செத்ததையும் சாதுவையும் கலந்து போட்டா எலி செத்துப் போச்சு, எலி ரத்தத்துல கொல்ற வகை உயிரோட நீந்துது. செத்த வீட்டுப் பரண்ல கெடந்த சீட்ட உயிரோட இருக்கவன் எடுத்துப் படிச்சிருக்கான். படிச்சது டிஎன்ஏன்னு ஏவரியும் கூட்டாளிகளும் 1944ல நிரூபிச்சாங்க, அதப் பாக்க கிரிஃபித் இல்ல, 1941ல லண்டன் குண்டுவீச்சுல செத்துட்டார். மூணாவதா வைரஸ் வழியாவும் நடக்கும், பாக்டீரியாவத் தாக்குற வைரஸ் ஒரு வீட்ட விட்டு கெளம்பும்போது தெரியாம அங்க கெடந்த காகிதத்தயும் மூட்டைல அள்ளிக்கிட்டு அடுத்த வீட்டுல போட்டிரும். ஆனா எங்கள மாதிரி லேப்ல தெனமும் கண்ணுல படுற பிரச்சனைக்கு பெரும்பாலும் காரணம் முதல்ல சொன்ன மதில் மேல சீட்டுதான்.

சரி, இந்தப் பக்குவத்த மொதல்ல எழுதினது யாரு? மனுஷன் மருந்து செஞ்சதுக்கு அப்புறம் வந்ததுன்னு நெனச்சா தப்பு. பெனிசிலின் நோயாளிகளுக்குப் பரவலா போறதுக்கு முன்னயே, 1940ல, ஆபிரகாமும் செயினும் அத வெட்டுற என்ஸைம ஈகோலைல பாத்து எழுதிட்டாங்க. நம்ம மருந்துல பாதி மண்ணுல இருக்குற கிருமியும் பூஞ்சையும் செய்றதுதான, விஷம் செய்றவன் தன்னக் காப்பாத்திக்க மாத்து மருந்தும் வச்சிருப்பான்ல. கனடா பக்கம் 30,000 வருஷமா உறஞ்சு கெடந்த மண்ணத் தோண்டி 2011ல பாத்தாங்க, அதுலயே டெட்ராசைக்கிளினுக்கும் பெனிசிலினுக்கும் எதிர் ஜீன், அதாவது அந்தப் பக்குவம் எழுதின டிஎன்ஏ வரி, இருந்துச்சு. இந்தம்மா மாதிரி ஈஎஸ்பிஎல் வர்ற ஆளுகள்ல நம்ம நாட்டுல அதிகமா இருக்குறது சிடிஎக்ஸ்-எம்-15ங்கிற ஜீன். இதோட பூர்வீகம் குளுய்வெரான்னு ஒரு கிருமி, ஆளுக்கு அப்படியொண்ணும் தொந்தரவு குடுக்காத சாது, அதோட பெரிய நோட்டுல எங்கயோ மூலைல எழுதியிருந்த வரி. பக்கத்துல தாவுற டிஎன்ஏ ஒண்ணு வந்து ஒட்டி, அந்த வரியப் பிச்சு எடுத்துட்டுப் போய் ஒரு பிளாஸ்மிட்ல ஒட்டிருச்சு. இந்த 15ஆம் நம்பர மொதல்ல கண்டுபிடிச்சு 2001ல எழுதினது டெல்லி ஆளுகள்ட்ட இருந்து 1999ல எடுத்த கிருமில. கடக்கரை ஆளுகளுக்கு இன்னொண்ணு சொல்லணும், சிப்ரோ மருந்த கொஞ்சம் தடுக்குற க்யூஎன்ஆர்னு ஒரு ஜீன் பிளாஸ்மிட்ல சுத்துது, அதோட மூலத்தத் தேடிப் போனா ஷிவனெல்லா அல்கேன்னு கடல்தண்ணில வாழுற கிருமில போய் நிக்குது. முட்டத்துலயும் குளச்சல்லயும் காலு நனைக்குற அந்தத் தண்ணி மாதிரி தண்ணில.

அப்ப ஜீன் பழசு, உலகம் பூரா சிதறிக் கெடந்துச்சு. நாம செஞ்சது என்னன்னா, டன் கணக்குல மருந்தக் கொட்டி, யாருகிட்ட சீட்டு இருக்கோ அவன் மட்டும் பிழைக்கலாம்னு சட்டம் போட்டது.

பத்து நாள் கழிச்சு அந்தம்மா மறுபடி கல்ச்சருக்கு வந்தாங்க, அன்னைக்குக் கூட்டம் இல்ல. பேசிட்டு இருக்கும்போதுதான் தெரிஞ்சுது, போன வருஷம் வீட்டுக்காரருக்கு சுகர்ல காலு புண்ணாகி ஒரு ஆஸ்பத்திரில இருபத்திரெண்டு நாள் கெடந்திருக்காங்க, விதவிதமா ஊசி, இந்தம்மாதான் கூட இருந்து குளிப்பாட்டி, பெட்பேன் எடுத்து, துணி அலசி எல்லாம் செஞ்சது. வீட்டுக்கு வந்தப்புறமும் அதேதான். அங்க இருந்துதான் வந்ததுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது, ஆனா இப்படித்தான் நடக்கும். ஒருத்தர் மருந்து தின்பாரு, அவரு வயித்துல சீட்டு உள்ளவன் மட்டும் பெருகுவான், கை வழியா இன்னொருத்தர் வயித்துக்குப் போவான், அங்க நோய் ஒண்ணும் செய்யாம மாசக்கணக்குல சும்மா இருப்பான், ஒருநாள் மூத்திரப் பாதைக்கு ஏறினா அன்னைக்குத்தான் நமக்கே தெரியும்.

மருந்தே தின்னாம வருமான்னா, வரும். நெதர்லாந்துல இருந்து வெளிநாடு போற ஆளுகளோட மலத்த போறதுக்கு முன்னயும் வந்ததுக்கு அப்புறமும் சோதிச்சு 2017ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. போகும்போது ஈஎஸ்பிஎல் இல்லாம தெற்காசியாவுக்கு, அதாவது நம்ம பக்கத்துக்கு, வந்துட்டுப் போனவங்க 181 பேரு, அதுல 136 பேரு ஊருக்குத் திரும்பும்போது அத வயித்துல வச்சுக்கிட்டுப் போனாங்க. ஆன்டிபயாடிக் தின்னவங்களுக்கும் வயித்துப்போக்கு வந்தவங்களுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா எதுவும் இல்லாம சும்மா சுத்திப் பாத்து சாப்பிட்டுப் போனவங்களுக்கும் வந்துச்சு. சில வாரம் இங்க வந்துட்டுப் போனவங்களுக்கே இந்தக் கதின்னா, இங்கயே பொறந்து இங்கயே சாப்பிடுற நம்ம வயிறு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. கன்னியாகுமரில சூரியோதயம் பாக்க வர்ற வெள்ளைக்காரனக் கண்டா எனக்கு இப்பம் எல்லாம் இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும், கேட்டா தொழில் புத்தின்னு வீட்டுல திட்டுறாங்க.

வயித்துல இருந்து அடுத்த எடம் சாக்கடை. 2008ல சுவீடன்ல ஒரு நோயாளிகிட்ட மீரோபெனம் மாதிரி கடைசிக்கட்ட ஊசியையும் வெட்டுற என்ஸைம் இருந்துச்சு, அவரு அதுக்கு முன்ன டெல்லில ஆஸ்பத்திரில இருந்தவரு, அதனால நியூ டெல்லி பேர வச்சு என்டிஎம்-1னு கூப்பிட்டாங்க. 2010ல சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியரா வந்த கட்டுரைல சென்னைல மட்டும் 44 கிருமில அது இருந்துச்சு. ஊர்ப்பேர எப்படி நோய்க்கு வைக்கலாம்னு பெரிய சண்டை. பேருக்காக நடந்த சண்டைல பாதியாவது அடுத்த வருஷம் வந்த தண்ணி ரிப்போர்ட்டுக்கு நடந்திருக்கலாம்னு எனக்குத் தோணும். டெல்லித் தெருவுல தேங்கிக் கெடந்த தண்ணில 171 எடத்துல எடுத்துப் பாத்தா 51ல அந்த ஜீன், குழாய்த்தண்ணி 50ல 2ல இருந்துச்சு. அந்தப் பிளாஸ்மிட் கை மாறுறது 25 டிகிரியவிட, நம்ம உடம்புச் சூடான 37 டிகிரியவிட, 30 டிகிரில ஜாஸ்தியா நடந்துச்சுன்னும் அதே ஆய்வுல இருக்கு. 30 டிகிரிங்கிறது நாகர்கோவில்ல வருஷத்துல பாதி நாள் வெளிய இருக்குற சூடு. பழையாத்துல ஊருச் சாக்கடை எப்படி வந்து விழுதுன்னு பாலத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அதே ஆறுதான் சுசீந்திரம் வழியா மணக்குடிக்குப் போய் கடல்ல சேருது. அந்தத் தண்ணில என்ன ஜீன் ஓடுதுன்னு நான் இங்க சொல்ல வரல, வீட்டுக் கக்கூசுத் தண்ணியும் ஆஸ்பத்திரித் தண்ணியும் கோழிக்கடைத் தண்ணியும் வெயில்ல ஒண்ணாச் சேந்தா அது சீட்டு மாத்திக்கிற சந்தைங்கிறதத்தான் சொல்றேன். வடசேரிச் சந்தை ராத்திரி அடங்கிரும், அது அடங்காது.

கோழியச் சொல்லாம விட முடியாது. பிராய்லர் சீக்கிரம் எடை போடணும், நோய் வரக்கூடாதுன்னு தீவனத்துலயே ஆன்டிபயாடிக் கலக்குறது உலகம் பூரா பழக்கமா இருந்துச்சு. கொலிஸ்டின்னு ஒரு பழைய மருந்து, கிட்னிக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தது, மத்ததெல்லாம் கேக்காம போனதும் ஐசியுல கடைசி ஆயுதமா திரும்ப எடுத்தாங்க. அதுக்கு எதிர்ப்பு வந்தாலும் தானா மாறுற வழிலதான் வரும், சீட்டா கை மாறாதுன்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. 2015 நவம்பர்ல சீனாவுல பன்னி, இறைச்சி, நோயாளின்னு மூணு எடத்துலயும் எம்சிஆர்-1னு பிளாஸ்மிட்ல ஏறின ஜீன் கெடச்சதும் அந்த நிம்மதியும் போச்சு. இந்தியாவுல 2019 ஜூலைல கோழி, மாடு, மீன் வளர்ப்பு எல்லாத்துலயும் கொலிஸ்டினுக்குத் தடை போட்டாங்க. கோழி சாப்பிடலாமான்னு என்கிட்ட கேப்பாங்க. நல்லா வெந்த கறில கிருமி செத்துரும், நான் ஞாயித்துக்கிழமை தவறாம சாப்பிடுறேன். பிரச்சனை பச்சக் கறி வெட்டின அருவாமனையில அப்படியே வெள்ளரிக்கா அரியுறதுலதான்.

இன்னும் ஒண்ணுதான் பாக்கி, எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்குறது இதுதான். "மருந்தக் கொஞ்ச நாள் நிறுத்தி வச்சா கிருமி பழையபடி ஆயிராதா?" நியாயமாப் பாத்தா ஆகணும். அந்தச் சீட்ட சுமக்குறது கிருமிக்குச் செலவு, மருந்து இல்லாத எடத்துல சீட்டு இல்லாதவன் வேகமா பெருகி முந்திரணும். ஆனா சில பிளாஸ்மிட் செய்ற சூதப் பாருங்க, ஒரு விஷமும் அதுக்கு மாத்து மருந்தும் சேத்தே செய்யும், விஷம் ரொம்ப நேரம் நிக்கும், மாத்து சீக்கிரம் கெட்டுப் போகும். பிள்ளைக் கிருமி பிரியும்போது பிளாஸ்மிட் கெடைக்காம போச்சுன்னா மாத்து தீந்து மிச்ச விஷத்துல செத்துரும். என்னைய விட்டா நீ காலிங்கிற மாதிரி. போதாததுக்கு ஒரே சீட்டுல அஞ்சாறு பக்குவம், ஒண்ணுக்குத் தேவை இருந்தாலும் முழுச் சீட்டும் பத்திரமா இருக்கும். இங்கிலாந்துல 1990கள்ல சல்ஃபா கலந்த கோ-டிரைமாக்ஸசோல் எழுதுறத வருஷத்துக்கு 3,20,000 டாக்டர் சீட்டுல இருந்து 7,000க்குக் கொறச்சாங்க. லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரில ஈகோலைய சோதிச்சா, 1991ல கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு சல்ஃபா கேக்கல, 1999ல 46 சதவீதத்துக்குக் கேக்கல. கொறயல, கூடியிருக்கு. சல்ஃபா எதிர்ப்பு ஜீன் வேற மருந்தோட ஜீன்களோட ஒரே வண்டில உக்காந்திருந்துச்சு, அந்த வேற மருந்த நிறுத்தலையே.

அதனாலதான் மெடிக்கல்ல போய் சளிக்கு "மூணு அசித்ரோ குடுங்கண்ணே"ன்னு வாங்கித் தின்னா அசித்ரோ மட்டும் கெட்டுப் போகும்னு கணக்கு வைக்க முடியாது. சளி வைரஸ், அதுக்கு அசித்ரோ தெரியவே தெரியாது, அடி வாங்குறது வயித்துல இருக்குற கோடிக்கணக்கான சாது. அதுல அசித்ரோவத் தடுக்குற ஜீனும் அந்தம்மாகிட்ட பாத்த செஃப் வெட்டுற ஜீனும் ஒரே பிளாஸ்மிட்ல இருக்குற ஈகோலை ஒண்ணு ஓரமா இருந்தா, நாம அசித்ரோ தின்னு அதுக்கு எடம் காலி பண்ணிக் குடுத்திருக்கோம். செஃப் மருந்த நாம தொடவே இல்ல. ஷெட்யூல் எச்1னு சட்டம் 2014 மார்ச்ல இருந்து இருக்கு, இதுல வர்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு டாக்டர் சீட்டு வேணும், கடைக்காரர் ரெஜிஸ்டர்ல எழுதணும். களியக்காவிளை தாண்டினா கேரளாவுல 2018லயே இதுக்குத் தனி செயல்திட்டம் போட்டு, சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுக்குற கடைகள ரெய்டு பண்றாங்க. இங்கிட்டு வந்தா ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே பாதி ஸ்ட்ரிப் ஒண்ணு கெடந்துச்சு, லேப் ஆளு வீட்டுல, யாரு தின்னதுன்னு இன்னும் ஒருத்தரும் ஒத்துக்கல.

அந்தம்மாவோட ரெண்டாவது கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. பிளேட்டுல நல்ல வட்டம் காட்டினது நைட்ரோஃபுரான்டாயின், டாக்டர் அதத்தான் எழுதியிருந்தாரு, பழைய சாதாரண மாத்திரை, மூத்திரப்பைல போய் வேலை செய்யும். ரிப்போர்ட்டக் குடுத்தேன்.

"அப்பம் அந்தக் கிருமி போயிட்டா மக்களே?"

"மூத்திரத்துல இல்லம்மா. வயித்துல அவன் கூட்டாளி இருப்பான்."

"அத வெரட்ட மருந்து?"

"அதுக்கு மருந்து எழுத மாட்டாங்கம்மா, எழுதினா மிச்சம் இருக்குற நல்லவனும் போயிருவான். நாளாக நாளாக அவனே கொறஞ்சு வருவான். வெளிக்குப் போயிட்டு வந்தாலும் வீட்டுக்காரருக்குப் புண்ணு கட்டினாலும் கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுக்களைக்குப் போங்க, அது போதும்." அப்படியே மதில், சீட்டு, புளிமுளம் எல்லாம் சொல்லி, நீங்க தின்னாத மருந்து ஏன் கேக்கலங்கிறதுக்கு இதுதாம்மா பதில்னேன்.

தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ரிப்போர்ட்ட மடிச்சு பைல வச்சிட்டு சொன்னாங்க, "எங்க மாமியா புளிமுளத்துக்கு என்னத்த இடுவாளோ, சாவுற வரைக்கும் எனக்கு வாய் தொறந்து சொல்லல கேட்டியா. இந்த மூதேவிய என்னன்னா கண்டவனுக்கெல்லாம் எழுதில்லா குடுக்குதுவ."